கஸ்தூரியும் நம் மூக்கும்

ஜும்ஆவுக்கு மணம் பூசி வருவது சுன்னத். ஆனால் கஸ்தூரி அத்தர் பூசியவர் சஃப்பில் வந்து நின்றதும், பக்கத்திலிருப்பவர் "இதென்ன மிருக வாடை!" என்று முகம் சுளிக்கிறார். இவ்விருவரில் தவறு யார் மீது?

கஸ்தூரி, ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடிப் பையில் ஊறுவது. பிராணியிலிருந்து வருவதால் அது நஜீஸ் ஆகிவிடாது. நறுமணங்களில் மேலானது கஸ்தூரியே என நபி (ஸல்) அவர்கள் அருளியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்று கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் இரசாயன முறையில் செய்யப்படுவது. மானைக் கொல்வதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. திருட்டுச் சரக்கைத் தேடிப் பூசுவதில் நன்மை ஏது?

பூசுபவர் சிந்திக்கட்டும். பச்சைப் பூண்டு, வெங்காயம் தின்றவர் பள்ளியை நெருங்க வேண்டாமெனத் தடுக்கப்பட்டது, அடுத்தவருக்குத் தொல்லை கூடாது என்பதற்காகவே. ஹலாலான மணத்துக்கும் அளவு வேண்டும்.

சுளிப்பவரும் சிந்திக்கட்டும். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட மேலானது என்பது ஹதீஸ். நம் மூக்கு வெறுப்பதை ரப்பு விரும்பக்கூடும்! வேலைத்தலத்திலிருந்து நேரே தொழுகைக்கு ஓடிவரும் கூலியாளின் வியர்வையை நாம் எப்படி எடை போடுகிறோம்?

நாமும் ஒருமுறை அப்படியொருவரை விட்டு விலகி நின்றதுண்டு. ஸலாம் கொடுத்ததும் அவரே முந்தி வந்து முஸாஃபஹா செய்தார். அவர் பூசியிருந்த கஸ்தூரி நம் கையிலும் ஒட்டியது. வெட்கித்தோம். மூக்கு வாடையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

அல்லாஹ் நம் உள்ளங்களை மணக்கச் செய்வானாக! ஆமீன்.