கொடாததை எடுத்தல்

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்ஹேரிக் குகைகளுக்கு வெளியே, வயிற்றோடு குட்டியை ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஒரு மந்தியின் மேல் கல்லை விட்டெறிந்தேன். படவில்லை. எனக்குக் குறி பார்க்கத் தெரியாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. கையைத் தூக்கியபோது பட வேண்டும் என்றுதான் தூக்கினேன். எறும்பு வரிசையைத் தாண்டிக் கால்வைக்கிறவன் என்று வீட்டில் பெயரெடுத்தவன் நான். இதை எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்த வரைக்கும் சொல்கிறேன்.

அன்று காலை மாதுங்காவிலிருந்து நானும் நண்பர் ஒருவரும் கிளம்பினோம். நண்பர் கவிஞர், பெயர் அவசியமில்லை. போரிவலி ஸ்டேஷனில் மேம்பாலப் படிக்கட்டில் ஒரு கிழவர் கை நீட்டினார். நண்பர் சில்லறை போட்டார். நான் போடவில்லை. போடாததோடு விட்டிருக்கலாம். பூங்கா வாசல் வரை அதற்குத் தத்துவம் சொல்லிக்கொண்டு வந்தேன். கொடுப்பது வாங்குகிறவனைக் கெடுக்கிறது, பழக்கப்படுத்துகிறது, கொடுப்பவனின் மனசாட்சிக்கு அது மலிவான ஒத்தடம், வேர் வேறெங்கோ இருக்கிறது. எல்லாம் நாம் ஒருவருக்கொருவர் பலமுறை சொல்லிக்கொண்டதுதான். நண்பர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அவருக்குப் பசிச்சிருக்கும்." அது வாதத்துக்குப் பதிலாகாது என்றேன்.

பூங்காவுக்குள், குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். நண்பரைப் பார்த்துச் சிரித்தேன். அரசாங்கமே என் கட்சி.

மும்பைப் பெருநகரப் பகுதிக்குள்ளேயே 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் காடு இருக்கிறது என்பதை, அங்கே முப்பது வருஷம் குடியிருந்தும், உள்ளே போகும்போதெல்லாம் புதிதாக நம்ப வேண்டியிருக்கிறது. சிறுத்தைகள் நடமாடும் காடு. அதன் நடுவே கருங்கல் மலை. அதில் 100-க்கும் மேற்பட்ட குகைகள், கி.மு. 1-ம் நூற்றாண்டிலிருந்து சுமார் ஆயிரம் வருஷம் பிக்ஷுக்கள் வெட்டிக்கொண்டும் வசித்துக்கொண்டும் இருந்தவை. பெரும்பாலானவை ஒரு திண்ணை, ஒரு அறை, அறைக்குள் பாறையிலேயே விட்டுவைத்த ஒரு படுக்கை, வாசலருகே ஒரு தண்ணீர்த்தொட்டி. மழைத்தண்ணீர் பாறைமேல் வீணாகாமல் தொட்டியில் வந்து இறங்க வாய்க்கால் கீறியிருக்கிறார்கள். தொட்டிகளில் மார்ச்சிலும் தண்ணீர் கிடந்தது.

மூன்றாம் எண் குகைதான் பெரிய சைத்தியம். யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலம், கி.பி. 2-ம் நூற்றாண்டு. உள்ளே 34 தூண்கள், கோடியில் ஸ்தூபம். தூண்களில் சில செதுக்கி முடிந்தவை, சில வெறும் எண்கோணத்தோடு நின்றுவிட்டவை. முகப்புத் தாழ்வாரத்தின் இரு கோடியிலும், பின்னால் சேர்த்த, சுமார் 7 மீட்டர் உயரப் புத்தர்கள் நிற்கிறார்கள். வலது கை கீழே இறங்கி, உள்ளங்கை நம்மை நோக்கித் திறந்திருக்கிறது. கொடுக்கிற கை. அந்த உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் வாசலிலேயே நம்மை எதிர்கொள்வது புத்தர் இல்லை. உள்சுவரின் முகப்பில், கனத்த உடம்பும் நகைகளுமாக, தானம் கொடுத்த தம்பதிகள் பெரிதாக நிற்கிறார்கள். மலை முழுக்கக் கல்வெட்டுகள்: கல்யாணிலிருந்து, சோபாராவிலிருந்து, நாசிக்கிலிருந்து வந்த வணிகர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிக்ஷுணிகள். இன்னார் மகன் இன்னார் கொடுத்த குகை, இன்னார் கொடுத்த தொட்டி. முதலைத் தொடாமல் வட்டியில் பிக்ஷுக்களுக்கு வஸ்திரம் வாங்கித்தர வேண்டும் என்ற அக்ஷயநீவி ஏற்பாடுகள். கொடுத்தவன் பெயர் பாறையில் இருக்கிறது. அந்த வஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் படுக்கையில் படுத்தவன் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. தொண்ணூறாம் குகையில் 1009-லும் 1021-லும் வந்துபோன பார்சிகள்கூடப் பஹ்லவியில் பெயர் பொறித்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட வந்தவர்களுக்காக வெட்டிய மலையில், பெயரை விட்டுப்போகாமல் திரும்பியவர்கள் குறைவு என்றேன். நண்பர் ரசித்தார். வாக்கியம் எனக்கும் பிடித்திருந்தது.

பிறகு மேலே ஏறி ஒரு விஹாரத் திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். இட்லி, மிளகாய்ப்பொடி. குரங்குகள் தூரத்தில் இருந்தன. நம்மூர்ப் பக்கமும் உள்ள அதே நாட்டுக் குரங்குதான், குல்லாய் வைத்தாற்போல் தலைமயிர் படிந்தது. நான் ஒரு விள்ளல் வாயில் போட்டிருப்பேன். பக்கவாட்டிலிருந்து அது வந்ததை நான் பார்க்கவேயில்லை. மடியிலிருந்து பொட்டலம் போயிற்று. எதிரே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, கன்னப்பையை அடைத்துக்கொண்டது. குட்டி வயிற்றில் தொங்கியது. அப்போதுதான் கல். அது தொட்டிச் சுவரில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. மந்தி ஓடவில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. குட்டி மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நண்பர் எதுவும் பேசவில்லை.

இழப்பு என்று பார்த்தால் நாலு இட்லி. நண்பரின் பொட்டலம் அப்படியே இருந்தது. வயிறு நிறைந்தபின் மிச்சத்தை நானே, பலகையை மீறி, அதே மந்திக்குப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அப்படிப் போட்டிருந்தால் குட்டியைக் காட்டி நண்பரிடம் ஏதாவது கனிவாகச் சொல்லியும் இருப்பேன். அதே இட்லி, அதே மந்தி. நான் கொடுத்து அது வாங்கியிருந்தால் கருணை. அதுவாக எடுத்துக்கொண்டதால் கல். இடையில் மாறியது என்ன? பறித்தவள் இட்லியோடு, கொடுப்பவன் என்ற என் இடத்தையும் பறித்துக்கொண்டாள். நான் கல்லெறிந்தது அந்த இடத்தை மீட்க.

அந்தத் திண்ணையில் வாழ்ந்த பிக்ஷுவை இந்த இடத்தில் நினைக்காமல் முடியவில்லை. கொடாததை எடுக்காதிருத்தல் அவனுக்கு இரண்டாவது சீலம். விநயம் இன்னும் கடுமையாகப் போகிறது: தண்ணீரையும் பல்குச்சியையும் தவிர, யாராவது கொடுக்காத எதையும் அவன் வாயில் வைக்கக் கூடாது. காட்டில் பழம் உதிர்ந்து கிடந்தாலும் ஒருவர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்றாலும் கேட்கக் கூடாது, மௌனமாக நிற்கலாம். அதே பாறையில் ஒரு பக்கம், பழத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் மனிதன். இன்னொரு பக்கம், மடியிலிருந்து பறித்துக்கொண்டு போகும் மந்தி. அவனை நாம் வணங்குகிறோம். அவன் நம் இடத்தை நமக்கு விட்டுத்தருகிறான் என்பதால்தானோ என்று அன்று சந்தேகம் வந்தது.

இந்தச் சந்தேகம் முழு உண்மையில்லை என்பதற்கும் அதே விநயத்தில் சாட்சி இருக்கிறது. சங்கம் ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால் பிக்ஷாபாத்திரத்தைக் கவிழ்த்துவிடும். அவன் கையால் எதையும் வாங்காது. 1990-லும் 2007-லும் பர்மாவில் ராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராகப் பிக்ஷுக்கள் இதைச் செய்தார்கள். வாங்க மாட்டேன் என்பது தண்டனையாக இருக்க முடியுமானால், தேவை யாருடையது? மௌனமாக வாசலில் நிற்பவனுக்கு அது தெரியும். பாத்திரம் அவன் கையில்தான் இருக்கிறது.

நமக்கு இது புதிதில்லை. மணிமேகலையின் அமுதசுரபி அவளுக்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். மழை பெய்து பாண்டிநாடு செழித்தது. பசித்தவர் இல்லாமல் போயினர். பாத்திரத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறான், வருவார் இல்லை. கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். அங்கே தன் ஒருவன் பசியை அதால் ஆற்றிக்கொள்ளலாம். மாட்டேன் என்று கோமுகியில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். இதைத் தியாகத்தின் உச்சம் என்றே சொல்லிவருகிறோம். பசித்தவர் இல்லாத நாட்டில் சந்தோஷப்பட முடியாத ஒருவனுடைய கதையாகவும் அதைப் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பு முதலாவதை அழிப்பதில்லை. ஆனால் முதலாவதைத் தனியாக இருக்கவிடாது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கட்டுரை எனக்குச் சௌகரியமாக முடிந்திருக்கும். மந்தி எனக்குக் குருவாகியிருக்கும். பௌத்த நூல்களிலும் குரங்குக்கு அந்த உத்தியோகம் உண்டு. ஒரு கிளையை விட்டு இன்னொன்றைப் பற்றும் குரங்கு மனத்துக்கு உவமை. பிசினில் ஒரு கையை வைத்து, அதை விடுவிக்க மறு கை, கால்கள், கடைசியில் வாய் என்று ஐந்து இடத்திலும் ஒட்டிக்கொள்ளும் குரங்கு, புலன்வசப்பட்டவனுக்கு உவமை. வைசாலியில் புத்தருக்குத் தேன் கொடுத்த குரங்கும் உண்டு. அதைத்தான் சிற்பிகள் விரும்பிச் செதுக்கியிருக்கிறார்கள். கொடுக்கிற குரங்கு. ஆனால் கன்ஹேரி மந்தி எதற்கும் உவமையில்லை. அதற்குக் குட்டி இருந்தது, பால் சுரக்க வேண்டியிருந்தது, மனிதர் மடியில் தின்பண்டம் இருக்கும் என்று மனிதர்களே கற்றுக்கொடுத்திருந்தார்கள். எதைக் கண்டாலும் படிமமாக்கிக் கைகழுவுவது எழுதுகிற நமக்குள்ள வியாதி.

பலகை சொன்னது சரி. போட்டுப் பழக்கினால் குரங்கு காட்டில் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது, கூட்டத்துக்குள் சண்டை வருகிறது, மனிதரைக் கடிக்கிறது, பிறகு பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். அதற்குக் காடு இருக்கிறது. அத்திப்பழமும் தளிரும் பூச்சியும் இருக்கின்றன. கொடாமலிருப்பது அங்கே அன்பின் காரியமாக இருக்க முடியும். காலையில் கிழவரைப் பற்றி நான் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து இதே வாக்கியம்: கொடுப்பது கெடுக்கிறது, பழக்கப்படுத்துகிறது. குரங்கு விஷயத்தில் அந்த வாக்கியத்தை உண்மையாக்குவது அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் காடு. போரிவலி மேம்பாலத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் எந்தக் காடு இருந்தது? பலகையைப் பார்த்துச் சிரித்தபோது, ஒரு மனிதரைப் பற்றிய என் கருத்துக்குக் குரங்கைச் சாட்சிக்கு அழைத்திருந்தேன். கல்லைவிட அந்தச் சிரிப்பு மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

இறங்கும் வழியில் படிக்கட்டோரம் ஒரு ஆதிவாசிப் பெண் வெள்ளரிக்காயைக் கீறி உப்புமிளகாய் தடவி விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கழி. குரங்குக்காகவா என்று நண்பர் ஹிந்தியில் கேட்டார். தட்டினால் போதும், சத்தத்துக்கே போய்விடும் என்றாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று காய் போகும். அதையும் சேர்த்துத்தான் கணக்கு. நண்பர், என்னைக் காட்டி, இவர் கல்லெறிந்தார் என்று சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "எறியாதீங்க, அண்ணா. நீங்க சாயங்காலம் போயிடுவீங்க. அது முறைச்சுக்கிட்டு நாளைக்கு எங்கிட்டதான் வரும்" என்றாள்.

என் விசாரணை முழுவதிலும் இரண்டு பேர்தான் இருந்தோம், நானும் மந்தியும். அகிம்சையா ஹிம்சையா, கொடையா களவா என்று எல்லாவற்றையும் இருவருக்குள்ளேயே தீர்க்கப் பார்த்தேன். மூன்றாவதாக ஒருத்தி அங்கே தினமும் உட்கார்ந்திருக்கிறாள். என் கல்லின் மிச்சம் அவள் தலையில் விழும் என்பது கணக்கிலேயே வரவில்லை. 1997-ல் மும்பை உயர்நீதிமன்றம் காட்டை ஆக்கிரமித்தவர்களை அகற்ற உத்தரவிட்டபின், தலைமுறைகளாக அந்தக் காட்டில் வாழும் ஆதிவாசிகளும் தாங்கள் ஆக்கிரமிப்பாளர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர்களானார்கள். கொடாததை எடுத்தவர்கள் என்ற பெயர் யார்மேல் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சாயங்காலம் திரும்பிப்போக வேறு இடம் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

இரண்டு வெள்ளரிக்காய் வாங்கினோம். மீதிச் சில்லறை வேண்டாம் என்றேன். எண்ணிக் கையில் வைத்தாள்.

ஸ்டேஷனில் அந்தக் கிழவர் படிக்கட்டிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பத்து ரூபாய் நோட்டை மடித்து அவர் கைக்கடியில் வைத்தேன். விழிக்கவில்லை. நண்பர் முன்னால் போய்விட்டார். நான் மட்டும் இரண்டு படி ஏறி நின்றேன், அவர் கண் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு.