சுவைப்பதும் குடிப்பதும்



மட்டக்களப்புக்கு வடக்கே, முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய பாசிக்குடாக் கடலை நீங்கள் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் அக்கரையில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழும்பின. வெளிநாட்டார் அங்கே மீனுணவோடு இனிப்பற்ற வெள்ளை வைன் அருந்துவதைக் காணலாம். இதில் ஒரு கேள்வி எழுகிறது. மதுவை இரசித்துச் சுவைப்பது நல்லொழுக்கத்துக்கு ஒத்ததா? அல்லது போசனப்பிரியம் என்னும் பாவம் பட்டாடை உடுத்தி வருகிறதா?

அதை அறிந்தவர்கள் எப்படி அருந்துகிறார்கள் என்று பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பாகை வரை குளிரூட்டிய வைனைக் கையின் சூடு படாதபடி கிண்ணத்தின் காம்பில் பிடிக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து, மெல்லச் சுழற்றி, மணத்தை முகர்ந்து, ஒரு சிறு மிடறை நாவில் நிறுத்துகிறார்கள். திராட்சைச் சாற்றின் சீனியை மதுவம் ஏறக்குறைய முழுவதும் மதுசாரமாக மாற்றிவிட்டதால் குறையை மறைக்க அதில் இனிப்பில்லை. புளிப்பும் மணமும் அப்படியே தெரியும். கவனம் இல்லாமல் இதைச் சுவைக்க முடியாது. வெறியோ கவனத்தையே முதலில் பறிக்கிறது. ஆகவே சுவைப்பதும் வெறிப்பதும் ஒன்றல்ல.

நமது தென்னம்பாளையில் வடியும் கள்ளிலும் இதே வேலை நடக்கிறது. முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கும் அது, நாட்பட்டால் வினாகிரியாகிவிடும். அப்படியிருக்க, விடுதியில் வைன் அருந்துபவரை நாகரிகர் என்றும், தவறணையில் ஒரு கோப்பை கள் அருந்தும் கடற்றொழிலாளியைக் குடிகாரன் என்றும் நாம் அழைப்பது எந்த நீதி? மதுவின் விலை மனிதனின் புண்ணியத்தை அளக்கும் கோல் அல்லவே! விலையுயர்ந்த போத்தலை வைத்துப் பெருமை பேசுகிறவனிடம் மட்டசனம் இருக்கலாம், தாழ்ச்சி இல்லை.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவீனாஸ் இதை ஆராய்ந்தார். வைன் அருந்துவது தன்னிலே குற்றமன்று, ஆனால் மூன்று வகையில் குற்றமாகலாம் என்றார். அருந்துபவர் எளிதில் நிலைகுலைபவராகவோ விலக்கி நடப்பதாக நேர்ந்துகொண்டவராகவோ இருந்தால், அளவு மீறினால், பிறருக்கு இடறலானால் அது குற்றமாகும். திருப்பலிக்கு வைனைக் கட்டாயமாக்கும் திருச்சபையும் பலவீனரை மறக்கவில்லை. மதுசாரத்தைத் தாங்க இயலாத குருவானவர், உரிய அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என 2003இல் உரோமாபுரி வழிகாட்டியது.

இம்மூன்றையும் நம் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்ப்போம். ஒரு மிடறு தொட்டால் நிறுத்த முடியாதவர் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம்; விலகுவதே அவருக்குப் புண்ணியம். பிள்ளையின் பாடசாலைச் செலவிலிருந்து எடுத்த காசில் வாங்கியது கள்ளோ, சாராயமோ, வைனோ, அது களவு. குடியை விட முயலும் சகோதரன் பந்தியில் இருந்தால், நம் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதே பிறர்சிநேகம்.

பெற்றோரே, மதுவைப் பேயென்று மட்டும் சொல்லி வளர்க்கும் பிள்ளை, நண்பர்களின் முதல் விருந்தில் அளவறியாமல் நிற்பான். அளவை வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல், உங்கள் நடத்தையால் அவனுக்குக் காட்டுங்கள்.