தண்டப் பணமும் தராசு முள்ளும்

குற்றம் செய்தவன் அபராதம் கட்டுகிறான். அந்தப் பணம் எங்கே போகிறது? இக்கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தீர்ப்பு நேர்மையானதா, தண்டனை தகுமா என்று கேட்கிறோம். தண்டப் பணம் யாருடைய பெட்டியில் விழுகிறது என்பதைக் கணக்கரின் கவலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அறத்தின் கண்கொண்டு நோக்கினால், முதலில் கேட்க வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. அமெரிக்க நாட்டின் நீதி வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

1920-களில் அந்நாட்டில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. ஓஹியோ மாநிலத்தில் நார்த் காலேஜ் ஹில் என்னும் சிற்றூரின் மேயரே மதுவிலக்கு வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பும் வழங்கினார். அபராதத்தில் பாதி மாநிலத்துக்கு, மறுபாதி ஊருக்கு. ஊரின் பங்கிலிருந்து வழக்கை நடத்தியவருக்கும் காவலருக்கும் துப்பறிவோருக்கும் பணம் பிரித்தளிக்கப்பட்டது. வழக்குச் செலவு என்ற பெயரில் மேயருக்கும் ஒரு தொகை உண்டு. ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பானால்தான் அது கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றுமில்லை. 1923 மே முதல் டிசம்பர் முடிய அங்கு வசூலான அபராதம் 20,000 டாலருக்கும் மேல். மேயர் பெற்றது 696 டாலர்.

மது வைத்திருந்ததற்காக டூமி என்பவருக்கு அங்கே 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் மேயருக்குச் சேர்ந்தது 12 டாலர். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. டூமி குற்றமற்றவர் என்பதனால் அன்று. அவருக்கு எதிரான சான்று எத்துணை வலியதாயினும், நடுநிலை பிறழாத நீதிபதியின்முன் நிற்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதனால். அந்த மேயர் தீயவர் என்றும் நீதிமன்றம் கூறவில்லை. சராசரி மனிதனின் உள்ளத்தைச் சோதனைக்கு உட்படுத்தும் அமைப்பே தவறு என்றது.

பணம் சொந்தப் பைக்குப் போனால்தானே தவறு, ஊரின் நலனுக்குப் போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதே மாநிலத்தின் மன்றோவில் என்னும் ஊரில் நிகழ்ந்தது அதுதான். அங்கு மேயர் தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் 1964-இல் அவ்வூரின் வருவாய் ஏறத்தாழ 46,000 டாலர். அதில் 23,000 டாலருக்கு மேல் அவர் விதித்த அபராதங்களிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் வந்தது. ஊர்க் கருவூலத்தை நிரப்பும் பொறுப்புடையவரே குற்றத்தையும் தீர்மானிப்பது முறையன்று என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது ஆழ்ந்து எண்ணத்தக்கது. தனக்கென்று வரும் ஆசையைக் கண்டு மனிதன் நாணுகிறான். பொதுநலத்தின் ஆடை உடுத்தி வரும் ஆசைக்கோ அந்த நாணம் இல்லை. அதனால் அது இன்னும் தொலைவு செல்கிறது.

லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதைக் காண்கிறோம். கைதானவர் தனியார் பிணை நிறுவனத்தின் மூலம் வெளியே வந்தால், பிணைத்தொகையில் 1.8 விழுக்காடு நீதிமன்றச் செலவு நிதிக்குச் சேர்ந்தது. அரசு வழக்கறிஞர், ஷெரீப், ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் ஆகியோரின் அலுவலகங்களுக்கும் பங்கு இருந்தது. பிணைப் பணம் கேளாமல் ஒருவரை விடுவித்தால் நீதிமன்றத்துக்கு ஒரு காசும் இல்லை. அந்நிதியின் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இவ்வழியில்தான் வந்தது. நீதிபதிகளின் சொந்தச் சம்பளம் அதிலிருந்து வரவில்லை. பணியாளர் ஊதியமும் அலுவலகத் தேவைகளுமே அதைச் சார்ந்திருந்தன. இருப்பினும் இம்முறை நேரிய நீதிக்கு முரணானது என்று 2019-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கைதானவரைக் காக்க வேண்டியவரின் அலுவலகமும் அவர் கட்டும் பணத்தில் பங்கு பெறுமானால், அந்த மன்றத்தில் அவருக்கென்று நிற்பவர் யார்?

இப்பங்கீட்டின் மறுபுறத்தில் மனிதர் இருக்கின்றனர். மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரைப் பற்றி 2015-இல் அமெரிக்க நீதித்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. அபராதச் சீட்டுகள் பெருகினாலன்றி அடுத்த ஆண்டு வசூலைப் பெரிதும் உயர்த்துவது கடினம் என்று நகரின் நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு எழுதியதை அது எடுத்துக் காட்டுகிறது. அவ்வறிக்கையில் ஓர் ஏழைப் பெண் வருகிறார். 2007-இல் வண்டியைத் தவறாக நிறுத்தியதற்காக அவருக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. கட்ட முடியாமல் தவணை தவறிய அவர், ஆறு நாள் சிறையில் இருந்தார். 550 டாலர் கட்டினார். 2014 டிசம்பரிலும் அவர்மேல் 541 டாலர் பாக்கி நின்றது. அவர் வண்டியை நிறுத்தியது ஒரே ஒரு முறை.

நீதிமன்றம் நடத்தப் பணம் வேண்டாமா, சட்டத்தை மீறாதவர்கள் ஏன் அச்செலவைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நீதிமன்றம் தரும் அமைதியை அதன் வாசற்படி மிதியாதவரும் அன்றாடம் துய்க்கின்றனர். வழக்கு வராத வீடும் சட்டத்தின் நிழலில்தான் உறங்குகிறது. எல்லாருக்கும் பயன் தரும் ஒன்றின் செலவை எல்லாரும் சுமப்பதே முறை. அபராதம் பொதுக் கருவூலத்துக்குப் போகட்டும்; நீதிமன்றத்துக்கும் காவல்துறைக்கும் வேண்டிய பணம், எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையைப் பாராமல் வரட்டும். அப்போதுதான் குற்றங்கள் குறைந்த ஆண்டைக் கண்டு அவ்வலுவலகங்கள் அஞ்சாமல் மகிழ முடியும்.

தீர்ப்பிடும் பொறுப்பு நீதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலும் பள்ளியிலும் சங்கத்திலும் நாமும் பிறரது குற்றம் குறைகளை எடைபோடுகிறோம். அப்போதெல்லாம் பிறர் செய்தது என்ன என்று ஆராய்வதற்குமுன், அவர் குற்றவாளியானால் நமக்குக் கிடைப்பது என்ன என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஏதேனும் கிடைக்குமானால், அந்தத் தராசை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவதே அறம்.