குழந்தையின் கையில் கல்: ஸ்பானியத் திரைப்படங்களில் குற்றமும் பொறுப்பும்

தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு ஒருவர் கூறும் பொய் அறத்தின்பாற்பட்டதா என்னும் வினா மிகப் பழமையானது. அப்பொய்யைத் தம் குழந்தையின் வாயால் கூறச் செய்தால் அது யாருடைய பொய் என்னும் வினா அந்த அளவிற்கு ஆராயப்பட்டதன்று. அறநூல்கள் பெரும்பாலும் வளர்ந்தவரையே தம்முன் நிறுத்திப் பேசுகின்றன. குழந்தை அங்கே அறம் கற்பிக்கப்பட வேண்டிய மாணவனாக மட்டுமே வருகிறது. உள்நாட்டுப் போரையும் (1936-1939) அதனைத் தொடர்ந்த ஃபிராங்கோவின் நீண்ட சர்வாதிகாரத்தையும் கண்ட ஸ்பெயின் நாட்டின் திரைப்படங்கள் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எழுப்பியுள்ளன. அவற்றுள் ஹோசே லூயிஸ் குவேர்தாவின் 'பட்டாம்பூச்சிகளின் நாக்கு' (1999), விக்தோர் எரிசேயின் 'தேன்கூட்டின் ஆவி' (1973), கார்லோஸ் சவுராவின் 'காக்கைகளை வளர்' (1976) ஆகிய மூன்றினை முன்வைத்து, அன்பின் பெயரால் குழந்தைமீது ஏற்றப்படும் குற்றத்தின் இயல்பினை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது. முதற்படமே இங்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. வினா அதில்தான் மிகக் கூர்மையாக உள்ளது.

குவேர்தாவின் படம் கலீசிய மொழி எழுத்தாளர் மனுவேல் ரிவாஸின் சிறுகதைகளைத் தழுவியது. திரைக்கதையை அமைத்தவர் ரஃபாயேல் அஸ்கோனா. தலைப்பிலுள்ள 'லெங்குவா' என்னும் ஸ்பானியச் சொல் நாக்கையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும். தமிழில் பெயர்க்கும்போது இரண்டில் ஒன்றை இழக்க நேர்கிறது. இழப்பு சிறிதன்று, படத்தின் இறுதிக்காட்சி முழுவதும் இவ்விரு பொருளுக்கும் நடுவில்தான் நிகழ்கிறது.

கதை கலீசியாவின் சிற்றூர் ஒன்றில் 1936ஆம் ஆண்டு நடைபெறுகிறது. மோன்ச்சோ என்னும் சிறுவன் முதன்முறையாகப் பள்ளிக்குச் செல்கிறான். ஆசிரியர்கள் அடிப்பார்கள் என்று கேள்வியுற்றிருந்த அச்சத்தால் முதல் நாளே வகுப்பில் சிறுநீர் கழித்துவிட்டு ஓடிவிடுகிறான். முதிய ஆசிரியர் தோன் கிரேகோரியோ அவன் வீட்டிற்கே வந்து மன்னிப்புக் கேட்கிறார். ஓர் ஆசிரியர் ஒரு சிறுவனிடம் மன்னிப்புக் கேட்கும் இந்நிகழ்வு கருதத்தக்கது. படத்தில் இதற்குப் பின்னர் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்கான வாய்ப்பே இல்லாமற் போய்விடுகிறது. அவர் சிறுவர்களைக் காட்டிற்கு அழைத்துச் செல்கிறார். கடிகாரத்தின் சுருள்வில்லைப் போலச் சுருண்டிருக்கும் பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழலைப் பற்றியும், தன் இணைக்கு மலர் கொண்டுவந்து தரும் ஆஸ்திரேலியப் பறவையைப் பற்றியும் கூறுகிறார். அவ்விரண்டின் அறிவியற் பெயர்களும் சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள்களைப் போல இனிக்கின்றன. தையற்காரரான அவன் தந்தை குடியரசின் ஆதரவாளர். நன்றியுணர்வால் ஆசிரியருக்கு ஓர் உடை தைத்துக் கொடுக்கிறார்.

1936 ஜூலையில் படைத்தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது கலீசியா சில நாள்களுக்குள் அவர்கள் வசமாயிற்று. அங்குப் போர்முனை என்று ஒன்று இருக்கவில்லை. ஆயினும் கொலைகளும் சிறைப்பிடிப்புகளும் நிகழ்ந்தன. எதிரி வெளியிலிருந்து படையெடுத்து வந்தவன் அல்லன், அடுத்த வீட்டுக்காரன். 1931இல் தோன்றிய குடியரசு பள்ளிகளைச் சமயச் சார்பற்றனவாக மாற்ற முயன்றது. ஆசிரியரைப் புதிய சமூகத்தின் முன்னோடியாகக் கருதியது. அதனாலேயே ஆசிரியர்கள்மீது தனிப்பட்ட பகை மூண்டது. 1936 நவம்பரில் ஆசிரியர்களைக் களையெடுப்பதற்கென்றே ஃபிராங்கோ தரப்பினர் குழுக்களை அமைத்தனர். ஆகவே, கிரேகோரியோ என்னும் கற்பனைப் பாத்திரத்தின் பின்னால் பெருந்தொகையான உண்மை மனிதர்கள் நிற்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

கிளர்ச்சிச் செய்தி கேட்ட அன்றே மோன்ச்சோவின் தாய் வீட்டிலுள்ள குடியரசுச் சார்பு இதழ்களை எரிக்கிறாள். பின்னர் மகனிடம், அப்பா ஆசிரியருக்கு உடை தைத்துக் கொடுக்கவில்லை என்கிறாள். கொடுத்தாரே என்கிறான் அவன். கொடுக்கவில்லை என்று மீண்டும் அழுத்திக் கூறுகிறாள். குழந்தை பொய்யைக் கற்கும் பாடம் இது. இதனைக் கற்பிப்பவள் தீயவள் அல்லள். கணவனையும் பிள்ளைகளையும் உயிருடன் வைத்திருக்க விரும்பும் ஒரு பெண். மறுநாள் கைதானவர்கள் ஊர் நடுவிலுள்ள சதுக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டு லாரியில் ஏற்றப்படுகின்றனர். குடும்பம் முழுவதும் அங்கே நிற்கிறது. ஊரார் வசைமொழி கூவுகின்றனர். தாய் கணவனைத் தூண்ட, அவர் கண்ணீர் வழிய வழியத் தம் நண்பர்களை ஏசுகிறார். ஆசிரியர் வருகிறார். நீயும் கத்து என்று மகனும் ஏவப்படுகிறான். நாத்திகன் என்றும் சிவப்பன் என்றும் அவன் கத்துகிறான்.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துள்ளார். தாயின் பொய்யை இவ்வளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? அதனால் விளைந்த நன்மை பெரிது: ஒரு குடும்பம் உயிர் பிழைக்கிறது. தீமை எது என்று தேடினால் கணக்கில் ஒன்றும் அகப்படுவதில்லை. ஆசிரியரின் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மோன்ச்சோ வாய் திறவாதிருந்தாலும் அந்த லாரி புறப்பட்டிருக்கும். பயனை மட்டும் கொண்டு அறத்தை அளப்போர் இங்கே தயக்கமின்றித் தாயை விடுவித்துவிடுவர். ஆனால், படத்தைக் கண்டவர் எவரும் அவ்வாறு நிம்மதியாக எழுந்து செல்வதில்லை. வள்ளுவர் நன்மை என்று மட்டும் கூறி நிறுத்தாமல் குற்றமற்ற நன்மை என்று அடைகொடுத்துக் கூறியதன் ஆழம் இவ்விடத்தில் விளங்குகிறது. நன்மையின் அளவைக் கேட்பது ஒன்று. அந்நன்மை எதனால் வாங்கப்பட்டது என்று கேட்பது வேறொன்று.

அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் ஏறத்தாழ இதே சூழலை எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஒருவனுடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு கொடுங்கோலன் ஒருவன் இழிசெயல் ஒன்றைச் செய்யுமாறு ஆணையிட்டால், அச்செயல் விருப்பத்தால் விளைந்ததா, வற்புறுத்தலால் விளைந்ததா? இரண்டும் கலந்தது என்பது அவருடைய விடை. இத்தகைய செயல்கள் சிலவற்றிற்கு மன்னிப்பு உண்டு என்றும், உயிரே போவதாயினும் செய்யத்தகாதன சில உண்டு என்றும் அவர் பிரித்துரைக்கிறார். இவ்விளக்கம் தந்தைக்குப் பொருந்துகிறது. அவருடைய கண்ணீரே அக்கலப்பின் சான்று. தாய்க்கும் ஓரளவு பொருந்தும். மகனுக்குப் பொருந்தவில்லை. அரிஸ்டாட்டிலின் எடுத்துக்காட்டில் பிள்ளைகள் கொடுங்கோலனின் பிணையாளிகள். குவேர்தாவின் படத்திலோ பிள்ளை பிணையாளியாகவும் இருக்கிறான், கருவியாகவும் இருக்கிறான். அவனைக் காப்பதற்காக அவனையே பயன்படுத்துகின்றனர். காப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் ஒருவரே.

மோன்ச்சோவை வெறும் கருவி என்று கூறி முடித்துவிடவும் இயலவில்லை. கத்துமாறுதான் அவனுக்குச் சொல்லப்பட்டது. புறப்பட்ட லாரியின் பின்னால் ஓடுமாறும் கல்லெறியுமாறும் யாரும் சொல்லவில்லை. மற்றச் சிறுவர்களோடு சேர்ந்து அவன் தானாகவே ஓடுகிறான், எறிகிறான். ஏவப்பட்ட செயல் எங்கே முடிந்து சொந்தச் செயல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்வையாளரால் கோடிட்டுக் காட்ட முடிவதில்லை. ஓடிக்கொண்டே அவன் வசைச் சொற்களுக்கு நடுவில் அந்தப் பறவையின் பெயரையும் பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழற் பெயரையும் கூவுகிறான்.

அச்சொற்களை எவ்வாறு கொள்வது? ஊராருக்கு விளங்காத, ஆசிரியருக்கு மட்டுமே விளங்கக்கூடிய அன்பின் செய்தி என்று கொள்ளலாம். வசைச் சொல் தீர்ந்துபோன சிறுவன், தனக்குத் தெரிந்த கடினமான சொற்களையும் கல்லாக எடுத்தெறிந்தான் என்றும் கொள்ளலாம். முதல் பொருள்கோள் மனத்திற்கு ஆறுதல் அளிப்பது. அதனாலேயே அதனை ஐயுற வேண்டியுள்ளது. இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது எனத் தோன்றுகிறது. எனினும் அது முதலாவதை முற்றிலும் அழித்துவிடுவதும் இல்லை. அன்பால் கற்ற சொல்லைத் தவிர வேறு சொல் அவனிடம் மிச்சமில்லை. வெறுக்கும்போதும் அவர் தந்த மொழியாலேயே வெறுக்க வேண்டியிருக்கிறது. பொய்யின் விலை யாரால் செலுத்தப்பட்டது என்பதற்கான விடையும் இங்கேயே உள்ளது. ஆசிரியர் இழந்தது உயிர். அதை அவர் எவ்வாறாயினும் இழந்திருப்பார். சிறுவன் இழந்தது தன் ஆசிரியரை நேர்மையுடன் நினைத்துப் பார்க்கும் உரிமையை. அதனை வாளேந்தியவர்கள் பறிக்கவில்லை; வீட்டார் எடுத்துக் கொடுத்துவிட்டனர்.

எரிசேயின் படம் இதற்கு நேர்மாறான ஒரு குழந்தையைக் காட்டுகிறது. 1940ஆம் ஆண்டு; ஓயுவேலோஸ் என்னும் காஸ்தீலியச் சிற்றூர். ஊருக்கு வந்த திரையிடலில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைக் கண்ட சிறுமி ஆனா, அந்த உருவம் சாகவில்லை, ஆவியாக உலவுகிறது என்று தன் அக்காள் இசபெல் கூறியதை நம்புகிறாள். தொடர்வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து பாழ்வீட்டில் ஒளிந்திருக்கும் ஒருவனை அவள் அவ்வாவியாகவே கருதி, உணவும் தந்தையின் மேலங்கியும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவன் யார், எந்தத் தரப்பினன் என்பன அவளுக்குத் தெரியா. அன்றிரவே அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். மேலங்கியிலிருந்த கடிகாரத்தால் தந்தை காவலரிடம் அழைக்கப்படுகிறார். மறுநாள் காலை உணவின்போது அவர் அந்தக் கடிகாரத்தைத் திறக்கிறார். அதன் இசை ஒலிக்கிறது. இரு மகள்களின் முகங்களையும் அவர் கவனிக்கிறார். ஒரு சொல்லும் பேசப்படவில்லை. மகளைக் காப்பதற்காக ஒரு தந்தை அவளையே உளவு பார்க்க வேண்டியிருக்கும் வீடு அது. தாயோ தொலைவிலுள்ள யாருக்கோ கடிதம் எழுதுகிறாள்; பின்னர் ஒரு கடிதத்தைத் தீயிலிடுகிறாள். அன்பு அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் பேசும் ஆற்றலை இழந்திருக்கிறது. (இத்தந்தையாகவும் குவேர்தாவின் ஆசிரியராகவும் நடித்தவர் ஒருவரே: ஃபெர்னாண்டோ ஃபெர்னான் கோமெஸ். இருபத்தாறு ஆண்டு இடைவெளியில், பேசாத தந்தையாக இருந்தவர் பேசியதனால் அழிந்த ஆசிரியராகிறார்.)

இப்பேசாமை தனிமனித வீடுகளோடு நிற்கவில்லை. 1975 நவம்பர் 20 அன்று ஃபிராங்கோ இறந்தபின், 1977 அக்டோபரில் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அரசியற் கைதிகளின் விடுதலைக்காக இடதுசாரிகளே விரும்பிக் கேட்ட சட்டம் அது; அதே சட்டம் சர்வாதிகார அரசின் அலுவலர்கள் இழைத்த கொடுமைகளுக்கும் காப்பாயிற்று. பொதுமன்னிப்பைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க வேர் மறதி என்னும் பொருளுடையது. தமிழ்ச்சொல் அதனை மன்னிப்பு என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மன்னிப்பதற்குக் குற்றம் இன்னதென்று பெயரிடப்பட வேண்டும். மறப்பதற்கு அது தேவையில்லை. மோன்ச்சோவின் தாய் மகனுக்குக் கற்பித்ததும் ஒருவகையில் இம்மறதியே: அந்த உடை தைக்கப்படவே இல்லை.

குவேர்தாவின் படம் வெளியானதற்கு மறு ஆண்டு, 2000இல், பிரியரான்சா தெல் பியேர்சோ என்னுமிடத்தில் 1936இல் கொல்லப்பட்டவர்களின் புதைகுழி தோண்டப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் கொல்லப்பட்டோருள் ஒருவரின் பேரர். பின்னர் 2007இலும் 2022இலும் வரலாற்று நினைவு தொடர்பான சட்டங்கள் இயற்றப்பட்டன. பேரர்கள் தோண்டுகிறார்கள், மகன்கள் ஏன் தோண்டவில்லை என்னும் வினாவிற்கு அச்சம் ஒரு விடை. சதுக்கத்தில் அன்று தாமும் நின்றிருந்தோம் என்னும் நினைவு மற்றொரு விடையாக இருக்கக்கூடும். 2021இல் வெளிவந்த அல்மோதோவாரின் 'இணைத் தாய்மார்கள்' இப்புதைகுழிகளையே தன் பொருளாகக் கொண்டது.

சவுராவின் படம் ஃபிராங்கோ உயிருடன் இருந்த 1975ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டது. காக்கைகளை வளர்த்தால் அவை உன் கண்களையே கொத்தும் என்பது ஸ்பானியப் பழமொழி; தலைப்பு அதன் முற்பாதி மட்டும். இங்கே சிறுமியின் பெயரும் ஆனா. நடித்தவரும் எரிசேயின் படத்தில் நடித்த அதே ஆனா தொர்ரென்ட். தந்தை படை அதிகாரி. இசைக்கலையைக் கைவிட்டு அவருக்கு மனைவியான தாய் நோயுற்று இறந்துவிட்டாள். அவள் துயருக்குத் தந்தையே காரணம் என்று நம்பும் ஆனா, யானையையும் கொல்லும் நஞ்சு என்று தாய் ஒருமுறை கூறிய வெண்தூளை அவருடைய பாலில் கலக்கிறாள். அன்றிரவு அவர் இறக்கிறார். அவள் நிதானமாகக் குவளையைக் கழுவி, மற்றக் குவளைகளோடு கலந்து வைக்கிறாள். அத்தூள் உண்மையில் சமையற் சோடாவே. அவர் மாரடைப்பால் இறந்தவர்.

மோன்ச்சோவிடம் செயல் உள்ளது, கருத்து இல்லை. ஆனாவிடம் கருத்து உள்ளது, செயல் இல்லை. உள்ளத்தால் எண்ணுவதும் தீமையே என்னும் நெறியின்படி அவள் கொலையாளி. சட்டத்தின்படி அவள்மீது வழக்கே இல்லை. ஆனால் அவளை மோன்ச்சோவிடமிருந்து பிரிப்பது வேறொன்று. அவள் தீர்ப்பு அவளுடையது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வளர்ந்த ஆனா, இறந்த தாயின் அதே முகத்துடன் (இரு பாத்திரங்களிலும் ஜெரால்டின் சாப்ளின் நடித்துள்ளார்) திரையிலிருந்து நேராகப் பேசுகிறாள். தந்தையைக் கொல்ல ஏன் விரும்பினேன் என்று தன்னையே கேட்டு, அன்று தான் கொண்டிருந்த உறுதியை நினைவுகூர்கிறாள். அதனை மறுக்கவும் இல்லை, போற்றவும் இல்லை. குழந்தைப் பருவம் இன்பமானது என்போரைத் தன்னால் புரிந்துகொள்ள இயலவில்லை என்கிறாள். மோன்ச்சோ வளர்ந்து பேசும் காட்சி குவேர்தாவின் படத்தில் இல்லை.

பின்னர் ஆனா தன்னை வளர்க்கும் சிற்றன்னைக்கும் அதே தூளைக் கலந்து கொடுக்கிறாள். மறுநாட் காலையில் அச்சிற்றன்னையே அறைக்குள் வந்து, பள்ளிக்கு நேரமாயிற்று என்று அவளை எழுப்புகிறாள். விடுமுறை முடிந்துவிட்டது. சிறுமியர் மூவரும் சீருடை அணிந்து மாத்ரித் நகரின் தெரு இரைச்சலுக்குள் இறங்கி நடக்கின்றனர்.