வழிகொடுப்போன் கடன்: வாயுக் குழாய்வழிகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளின் உறுதிகளைப் படித்துப் பார்த்தவர்கள், நிலத்தின் பரப்பும் எல்லையும் கூறப்பட்டபின் கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் குறிக்கப்படுவதைக் கண்டிருப்பர். காணிகள் சிறு துண்டுகளாகப் பிரிந்துபோன இடத்திலே ஒருவன் தன் பயிருக்கு இறைக்கும் நீர் மற்றொருவன் நிலத்தினூடாகவே செல்லவேண்டியிருக்கும். கிணற்றுக்கு அருகேயுள்ளவனுக்கும் வாய்க்கால் செல்லும் நிலத்துக்காரனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, வாய்க்காலின் குறுக்கே ஒரு மண்வெட்டி மண் விழுந்துவிடுமாயின், வாடுவது அவ்விருவரின் பயிருமன்று. அப்பாலுள்ள மூன்றாமவனின் மிளகாய்க் கன்றுகளே வாடுகின்றன. வழக்கில் அவன் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன்.

நாடுகளுக்கிடையே செல்லும் இயற்கை வாயுக் குழாய்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைசிப் பாத்தியே நினைவுக்கு வருகின்றது. தன் நிலத்தினூடாகப் பிறர் பொருள் செல்ல இடங்கொடுக்கும் ஒரு நாட்டுக்கு அப்பொருளின்மீது என்ன உரிமை உண்டு? அவ்வழியை அது எப்போது அடைக்கலாம்? இராசதந்திரிகள் இதனை விலைப் பிரச்சினையாகவும், சட்ட அறிஞர்கள் ஒப்பந்தப் பிரச்சினையாகவும் நோக்குவர். இதில் ஓர் அறப் பிரச்சினையும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வினா புதியதன்று. 1625 இல் வெளிவந்த போரினதும் சமாதானத்தினதும் சட்டம் பற்றிய தமது நூலிலே ஹியூகோ குறோசியஸ் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். எமது நாட்டு நீதிமன்றங்களிலும் இன்றுவரை எடுத்தாளப்படும் உரோமன் டச்சுச் சட்டத்தின் மூலாசிரியர்களுள் அவரும் ஒருவர். நியாயமான தேவையுடன் தீங்கின்றிக் கடந்து செல்வோருக்கும் அவர்தம் பண்டங்களுக்கும் வழிவிட வேண்டும் என்பதும், அப்பண்டங்களால் நிலத்துக்குடையோன் தாங்கும் செலவுக்கேற்ற அளவிலேயே சுங்கம் அறவிடலாம் என்பதும் அவர்தம் நிலைப்பாடாகும். ஆயின், அவர் எண்ணியது வணிகரையும் வண்டிகளையும் கப்பல்களையும். கப்பல் ஒரு துறை மூடப்பட்டால் மறுதுறை நாடும். குழாய் நாடாது. இயற்கை வாயுவைக் கப்பலில் ஏற்றலாமேயெனின், அதனைப் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கவேண்டும். அதற்கென இருகரைகளிலும் பெருஞ்செலவில் நிலையங்கள் அமைக்கவேண்டும். ஆகவே குழாய் போடப்பட்டவுடன் விற்போனும் வழிகொடுப்போனும் வாங்குவோனும் பல பத்தாண்டுகளுக்கு ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டுவிடுகின்றனர்.

மேற்குச் சைபீரியாவின் யூரெங்கோய் வயலிலிருந்து உக்ரேனின் மேற்கெல்லையிலுள்ள உஷ்கொரட் வரை ஏறத்தாழ 4,500 கிலோமீற்றர் நீளமான குழாய்வழியொன்று 1980களின் முற்பகுதியிலே அமைக்கப்பட்டது. இதனைத் தடுக்க அமெரிக்க சனாதிபதி றேகன் 1982 இல் ஐரோப்பியக் கம்பனிகள்மீதுங்கூடத் தடை விதித்தார். சோவியத் வாயுவிலே தங்கியிருக்கும் ஐரோப்பா அதற்கு அடிமைப்படும் என்பது அவர் தரப்பின் வாதம். ஒப்பந்தஞ் செய்தபின் அதனை நிறைவேற்றுவதே முறையென அவருடைய நெருங்கிய நண்பரான தாட்சரே எதிர்த்து நின்றார். அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. வணிகம் பகைமையை மென்மையாக்கும் என்பது ஜேர்மனியர் பலரது நம்பிக்கை. குழாயை ஒருசாரார் விலங்காகவும் மறுசாரார் சமாதானப் பாலமாகவும் கண்டனர். இடையிலுள்ள உக்ரேனைப் பற்றி எவரும் வினவவில்லை. வினவக் காரணமுமில்லை, அன்று அது சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசு. 1991 இல் ஒன்றியம் கலைந்தபோது, ஒரே வளவுக்குள் ஓடிய வாய்க்கால் ஒரு வேலிக்கு மறுபுறமாகிவிட்டது.

அதன்பின் வந்த பிணக்குகளுள் இரண்டு இங்கு முக்கியமானவை. ஆயிரம் கன மீற்றருக்கு 50 டொலர் கொடுத்துவந்த உக்ரேனிடம் ருஷ்யாவின் காஸ்ப்ரொம் நிறுவனம் 230 டொலர் கேட்டது. உடன்பாடு காணப்படாமையால் 2006 சனவரி முதலாந் திகதி உக்ரேனுக்குரிய வாயுவை நிறுத்தியது. சில நாட்களில் அது தீர்ந்தது. 2009 இல் தீரவில்லை. சனவரி 7 முதல் 20 வரை உக்ரேன் ஊடாக ஐரோப்பாவுக்குச் சென்ற வாயு முற்றாக நின்றது. உக்ரேன் திருடுகின்றது என்றது ருஷ்யா. ருஷ்யாவே அனுப்பவில்லை என்றது உக்ரேன்.

இவ்விடத்தில் ஒரு தொழில்நுட்ப விடயத்தைக் கூறாமல் அப்பாற் செல்ல முடியாது. வாயு தானாக ஓடுவதில்லை. வழிநெடுக இடைவெளி விட்டு அமைக்கப்பட்ட அழுத்த நிலையங்களே அதனைத் தள்ளிவிடுகின்றன. அந்நிலையங்களின் இயந்திரங்களும் அதே வாயுவை எரித்தே இயங்குகின்றன. அவ்வாறு எரியும் வாயு யாருடையது? விற்போன் கொடுக்கவேண்டியதா, வழிகொடுப்போன் வாங்கி ஊற்றவேண்டியதா? 2009 இன் பிணக்கிலே பழைய கடன்களோடும் புதிய விலையோடும் இக்கேள்வியும் கலந்திருந்தது. ஒருவர் 'திருட்டு' எனக் கூறியதையே மற்றவர் 'கூலிச் செலவு' எனக் கூறியதன் பின்னணி இதுவே. உண்மை முழுவதும் ஒருபக்கம் இருந்ததென நான் கருதவில்லை.

ஆனால் பல்கேரியாவில் வீடுகள் குளிர்ந்துபோயின என்பதில் இருபக்கமில்லை. அந்நாடு ஏறத்தாழ முற்றாக அந்த ஒரு வழியையே நம்பியிருந்தது. சிலோவாக்கியாவோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுத்த வாக்கின்படி சில நாட்களுக்கு முன்னர் தான் மூடிய அணுவுலையை மீண்டும் இயக்கத் தீர்மானிக்கும் நிலைக்கு வந்தது. (அதனை இயக்குமுன் வாயு வந்துவிட்டது.) இவர்கள் விலையையும் கொடுத்திருந்தனர், ஒப்பந்தத்தையும் மீறவில்லை.

இத்தகைய நிலைக்கெனவே ஒரு விதி இருந்தது. 1994 இன் சக்திப் பட்டயப் பொருத்தனையின் ஏழாம் உறுப்புரை, வழி தொடர்பான பிணக்கு எழுந்தால் அதற்கென வகுத்த இணக்க முறை முடியும்வரை ஓட்டத்தைத் தடைசெய்யலாகாது என்கின்றது. என் நோக்கில் இது மிகச் சிறந்த அறக் கருத்தாகும். முதலிலே நீரை ஓடவிடு, பின்னர் வழக்காடு என்பதே அதன் சாரம். ஆயின் உக்ரேன் அதனை உறுதிப்படுத்தியிருந்தது. ருஷ்யா கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை. 2009 இலேயே அதிலிருந்து விலகியும்விட்டது. இணக்க முறையை எவரும் நாடவில்லை.

தடையை வழிகொடுப்போன் செய்தாலென்ன, விற்போன் செய்தாலென்ன, ஒரு கடமை இருவருக்கும் பொது. அது எதிராளிக்குச் செலுத்தும் கடமையன்று. கடைசிப் பாத்திக்காரனுக்குச் செலுத்தும் கடமை. என்னை ஏமாற்றியவனைத் தண்டிக்க எனக்கு உரிமையுண்டு என்று வைத்துக்கொள்வோம். அவனைத் தண்டிக்கும் கருவியாக இன்னொருவனின் குளிரைப் பயன்படுத்த எனக்கு உரிமையில்லை. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாதென்னும் கான்டின் கொள்கையை வகுப்பறையிலே படிக்கின்றோம். அதனைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் அரிது.

வழிகொடுப்போனைச் சுற்றிச் செல்வது குற்றமா? பால்டிக் கடலடியில் ருஷ்யாவையும் ஜேர்மனியையும் நேரே இணைக்கும் நோர்ட் ஸ்ட்ரீம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. அதன் திட்டத்தைப் போலந்து அமைச்சர் ஒருவர் 2006 இலேயே 1939 ஆம் ஆண்டின் சோவியத்-ஜேர்மன் உடன்படிக்கையோடு ஒப்பிட்டார். மிகைதான். என் நிலத்தினூடாகவே நீ செல்லவேண்டும் எனக் கோரும் உரிமை எந்த நிலத்துக்காரனுக்கும் இல்லை. எனினும், ஒருவனைத் தாக்கும்போது தன் வருமானம் பாதிக்கப்படாதிருக்கவே மாற்றுவழி வெட்டப்படுகின்றதென்றால், வெட்டுக்கூலி கொடுப்போனும் சிந்திக்கவேண்டும். ஜேர்மனி 2022 பெப்ரவரி 22 இல் இரண்டாவது நோர்ட் ஸ்ட்ரீமின் அங்கீகார நடவடிக்கையை நிறுத்தியது. இரண்டு நாட்களின்பின் ருஷ்யப் படைகள் முழு அளவிலே உக்ரேனுள் நுழைந்தன. அவ்வாண்டு செப்ரெம்பரில் கடலடிக் குழாய்கள் வெடித்துச் சிதறின.

வியப்பு இனித்தான் வருகின்றது. போர் மூண்டபின்னும் உக்ரேன் ஊடான வாயு ஓட்டம் நிற்கவில்லை. 2019 டிசெம்பரில் ஐந்தாண்டுக்கெனச் செய்த ஒப்பந்தப்படி, குண்டு பொழியும் நாடு குண்டு படும் நாட்டுக்கு வழிக்கூலி கொடுத்தது. குண்டு படும் நாடு அந்த வாயுவைப் பத்திரமாக மேற்கே அனுப்பியது. ருஷ்ய எல்லைக்குள் சுட்சா என்னுமிடத்திலுள்ள அளவை நிலையத்தை 2024 ஓகஸ்டில் உக்ரேனியப் படைகள் கைப்பற்றிய பின்னருங்கூட ஓட்டம் தொடர்ந்தது.

விடுதியிலே இதுபற்றி உரையாடியபோது, இஃது இரட்டை வேடம் என்றார் நண்பரொருவர். பகைவனுக்குப் பணம் வரும் வழியைக் காவல் காப்பவன் தன் சொந்த வீரனுக்குத் துரோகம் செய்கின்றான் என்பது அவர் வாதம். வழிக்கூலியாக உக்ரேன் பெற்றதிலும் விலையாக ருஷ்யா பெற்றது பன்மடங்கு என்பதை நோக்கும்போது அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கமுடியாதுதான். நான் அதனை ஏற்கவில்லை. உக்ரேன் காத்தது பகைவனுக்குக் கொடுத்த வாக்கை மட்டுமன்று. வாங்குவோனுக்குக் கொடுத்த வாக்கையும். அவ்வாக்குக்கு ஒரு முடிவுத் திகதி இருந்தது. புதுப்பிக்கமாட்டோம் என முன்கூட்டியே அறிவித்து, 2025 சனவரி முதலாந் திகதி வழியை அடைத்தது. வாக்கை மீறுவதும் வாக்கைப் புதுப்பிக்க மறுப்பதும் ஒன்றல்ல. சிலோவாக்கியாவின் சீற்றத்தை நான் புரிந்துகொள்கின்றேன். ஆனால் மாற்றுவழி தேட அதற்குக் காலம் கொடுக்கப்பட்டிருந்தது.

என் வாதம் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. மொல்டோவாவிலிருந்து பிரிந்து ருஷ்யச் சார்போடு இயங்கும் திரான்ஸ்னிஸ்திரியாவிலே அதே நாளில் வீடுகளுக்கு வெப்பமும் சுடுநீரும் நின்றன, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மக்கள் விறகு தேடினர். துருக்கி வழியாக வாயு அனுப்பக் காஸ்ப்ரொம்முக்கு இயலுமாயிருந்தது. மொல்டோவா ஏற்காத பழைய கடனொன்றைக் காட்டி அது மறுத்தது. பெப்ரவரித் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வாயு மீண்டும் வந்தது. இந்த ஒருமாதக் குளிருக்கு யார் பொறுப்பு? அனுப்பக்கூடியவனாயிருந்தும் அனுப்பாதவனே முதற்பொறுப்பாளி என்பேன். ஆயினும் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டதால் உக்ரேனின் கடன் தீர்ந்துவிட்டதென்று, விறகு பொறுக்கிய மூதாட்டியொருத்தியின் முன்னே நின்று கூற எனக்குத் துணிவில்லை. போர் நடக்கும் நாட்டிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமா என்றும் தெரியவில்லை.

வாயு நின்ற அக்குழாய் வெறுமையாகக் கிடக்கவில்லை. 2025 மார்ச்சிலே ருஷ்யச் சிப்பாய்கள் சுட்சாவை மீட்கும்பொருட்டு அதனுள்ளே புகுந்து பல கிலோமீற்றர் ஊர்ந்து சென்று உக்ரேனியப் படைகளின் பின்புறத்தே வெளிப்பட்டனர். யூரெங்கோயிலிருந்து ஐரோப்பாவின் அடுப்புகளுக்கெனப் போடப்பட்ட அக்குழாயின் விட்டம் 142 சென்ரிமீற்றர். ஒரு மனிதன் குனிந்து நடக்க அது போதும்.