இரண்டு எழுத்துகள்

2013-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சைமன் பிராம்ஹால் என்ற அறுவை நிபுணர், தான் மாற்றிப் பொருத்திய கல்லீரலின் மேல் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பொறித்தார். ரத்தக் கசிவை நிறுத்த வைத்திருந்த ஆர்கான் கருவிதான் எழுதுகோல். இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்தார். அவர்களில் ஒருவருக்கு இன்னொரு மருத்துவர் மறுபடி வயிற்றைத் திறந்தபோது விஷயம் வெளியே வந்தது. எழுத்தால் ஈரலுக்குக் கெடுதல் இல்லை.

அதற்கு இரண்டாண்டு முன்பு லெஸ்டர் நகரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் செப்சிஸால் இறந்தான். பயிற்சியில் இருந்த டாக்டர் ஹடிஸா பாவா-கார்பா நோயின் தீவிரத்தைக் கணிக்கத் தவறினார். அன்று கணினி பழுதாகி, ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரத் தாமதமாயின. உயிர்மீட்பு வேண்டாம் என்று குறிக்கப்பட்ட வேறொரு பிள்ளை என்று எண்ணி, உயிர்மீட்பு முயற்சியைக்கூடச் சிறிது நேரம் நிறுத்தினார். 2015-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

இரண்டு வழக்கும் கடைசியில் மருத்துவர் தீர்ப்பாயத்துக்கு வந்தன. தண்டிப்பது அதன் வேலை இல்லை. இவர் இன்று மருத்துவம் பார்க்கத் தகுந்தவரா, செய்ததை உணர்ந்திருக்கிறாரா, மக்கள் இந்தத் தொழில்மேல் வைத்த நம்பிக்கை நிலைக்குமா என்றுதான் அது பார்க்கும்.

பாவா-கார்பாவுக்கு 12 மாத இடைநீக்கம். போதாது என்று மருத்துவர் பதிவேட்டை வைத்திருக்கும் பொது மருத்துவ மன்றம் மேல்முறையீடு செய்ய, 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கப்பட்டது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019-ல் நிபந்தனைகளோடு பணிக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. பிராம்ஹாலுக்கு முதலில் ஐந்து மாத இடைநீக்கம். வழக்கு உயர்நீதிமன்றம் போய்த் திரும்ப, 2022 ஜனவரியில் பெயர் நீக்கப்பட்டது.

பிள்ளை இறந்த வழக்கில் மருத்துவர் திரும்பி வருகிறார். உடலுக்கு ஒன்றும் ஆகாத வழக்கில் பெயர் போகிறது. முதலில் படித்தபோது என் மனம் ஒப்பவில்லை. அந்தச் சிறுவனின் தாயை நினைத்தால் இன்றும் பேச்சு வரவில்லை. ஆனாலும் அந்த மருத்துவர் அன்று பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஓடினார், ஓட்டத்தில் தவறினார். கொடிய தவறு. பயிற்சியும் மேற்பார்வையும் எட்டக்கூடிய இடத்தில் நடந்த தவறு. ஈரலில் எழுதிய கையோ கொஞ்சமும் பிசகவில்லை. பிசகியது பார்வை. மயங்கிக் கிடந்த ஒருவரின் உடல் அந்த நொடியில் தன் பெயர் எழுதும் இடமாகிவிட்டது. அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பு இருக்கிறது?

அப்பாவின் அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கை நடுங்க, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.