ஜீப்புச் சத்தம்

வண்டியில் போகிறவனுக்கும் பாதையில் நடக்கிறவனுக்கும் நடுவில் இருப்பது வெறும் வேகம்தானா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சித்தேரி மலைக்காட்டில் ஜீப் ஓட்டிப் போனபோது வந்தது.

வன உரிமை மனுக்களோடு இரண்டு தோழர்களைக் கூட்டிக்கொண்டு மலைமேல் ஒரு சிற்றூருக்குப் போனேன். இரவல் ஜீப். தார் ரோடு முடிந்ததும் மண்பாதை. மழை பெய்து ஒரே சேறு. பெரிய கியருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கம்பியை இழுத்துப்போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். போட்டேன்; நாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறியது. உள்ளுக்குள்ள ஒரு கெத்து வந்துச்சு பாருங்க, அதை மறைக்க மாட்டேன். ஊர்த்தெரு வந்தா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனவர் எங்க தாத்தா. 1929இல் சாலிஸ்காவில் அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. நம் தலைவர் நடந்து வருவதா என்று ஓட்டிப் பழக்கமில்லாத சேரிக்காரர் ஒருவரே ஓட்டினார். வண்டி விபத்தில் சிக்கி அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டி என்பது நமக்கு வெறும் வண்டியில்லை. அந்தக் கெத்துக்கு எனக்கு உரிமை உண்டு என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் கெத்து எவ்வளவு தூரம் வரும்? ஒரு வளைவில் விறகுக்கட்டோடு ஒரு அம்மா வந்தார். சத்தம் கேட்டதும் கட்டைக் கீழே போட்டுவிட்டுப் புதருக்குள் ஒதுங்கினார். இறங்கிப் போய், “பயப்படாதீங்கம்மா, நாங்க சங்கத்து ஆளுங்க” என்றேன்.

“ஜீப்புல வந்தா யாருன்னு எங்களுக்கு எப்படி கண்ணு தெரியும்?”

அந்த மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் வந்து இறங்கினார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோர்ட்டில் கணக்கு முடியலாம். காது அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

அப்படியானால் காட்டுக்குள் பாதையே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லும் இயற்கை ஆர்வலர்கள் பலர் வண்டியில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. பாதை சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் பிணத்தைச் சுமந்து மலை ஏறினார். மருந்து வராத பாதையில்லா மலையும் கொடுமை, ரெய்டு மட்டும் வருகிற பாதையும் கொடுமை.

ஆகவே கேள்வி பாதை நல்லதா கெட்டதா என்பதல்ல; யார் கேட்டுப் போட்ட பாதை என்பதுதான். 2006 வன உரிமைச் சட்டம் கிராமசபை பரிந்துரைத்தால் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வனநிலம் தரலாம் என்கிறது. எழுத்தில் இருக்கிறது. அந்தச் சபையில் விறகு சுமக்கிற அம்மா வாய் திறக்க முடிகிறதா என்பதில்தான் அந்த எழுத்துக்கு உயிர்.

அவரை முன்சீட்டில் உட்காரச் சொன்னோம். மறுத்தார். “கட்டை மட்டும் ஏத்திக்குங்க. நீங்க முன்னால போனா ஊரு பயந்துக்கும். நான் முன்னால போறேன்.”

அவர் நடந்தார். நான் முதல் கியரில் அவர் பின்னாலேயே ஓட்டினேன். ஊர் எல்லையில் பிள்ளைகள் அந்த அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு ஜீப்பைப் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை.

தோழர்களே, வண்டி ஏறுவதற்கு நாம் நிறையப் போராடியிருக்கிறோம். ஏறியபிறகு யாருக்குப் பின்னால் ஓட்டுவது என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.